சுத்தமாக வந்த செய்தி

அந்த அக்காவுக்கு யாராவது வணக்கம் சொன்னால் உடனே பதில் வணக்கம் வராது. சொன்னவரை மேலும் கீழும் ஒரு தரம் பார்ப்பார். இவர் எதற்கு இன்றைக்கு நமக்கு வணக்கம் சொல்கிறார் என்ற யோசனை அந்தப் பார்வையில் ஓடும். அது சரிப்பட்டு வந்தால்தான் கை குவியும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்ன வணக்கத்துக்கு மறுநாள்தான் பதில் கிடைத்தது.

எண்பதுகளின் கடைசி அது. மதுரை டவுன்ஹால் ரோட்டையொட்டிய ஒரு சந்தில், மாடியில் எங்கள் அலுவலகம். நூற்பாலைக் கம்பெனி. மில் திருமங்கலத்தில் இருந்தது, முதலாளிகள் மெட்ராஸில் இருந்தார்கள். நான் கீழக்குயில்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துபோகும் டைப்பிஸ்ட். கம்ப்யூட்டர் வந்ததும் டைப்ரைட்டரை மூடிவிட்டு என்னை அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அக்காதான் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பு. வீடு கோச்சடையில். அதற்கு மேல் அவர் குடும்பம், படிப்பு எதுவும் எனக்குத் தெரியாது. கேட்டால், “எதுக்குக் கேக்குற?” என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

சந்தேகத்தை அவர் ஒரு வேலையாகவே செய்தார். பூக்காரம்மா ஒரு முழம் அளந்து கொடுத்தால், அதைத் தன் கையால் இன்னொரு தரம் அளப்பார். தினமும் போகிற பஸ்தான் என்றாலும் கண்டக்டரிடம், “கோச்சடை போகுமா?” என்பார். கண்டக்டர் போகும் என்றதும் பக்கத்து சீட்டுக்காரரிடமும் அதையே கேட்பார். ஒருநாள் கண்டக்டர் பொறுமை இழந்து, “நேத்துப் போச்சா இல்லையாம்மா?” என்று கத்தினார். அக்கா அசரவில்லை. “நேத்துப் போனதத்தான் நானும் பாத்தேனே. இன்னைக்குப் போகுமான்னு கேட்டேன்” என்றார்.

அறையில் மூன்று கம்ப்யூட்டர்கள். ஒன்று அக்காவுடையது, ஒன்று என்னுடையது, மூன்றாவது கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே மேனேஜர் மேசையில். மூன்றையும் ஒரே கறுப்பு வயர் கோத்திருந்தது. அக்கா கம்ப்யூட்டரிலிருந்து திருமங்கலம் மில்லுக்கு எப்போதும் திறந்தே இருக்கும் ஒரு தனி டெலிபோன் லைன் போனது. மெட்ராஸுக்கு அப்படி இல்லை. காலையில் ஒருமுறை டெலிபோன் வழியாகக் கூப்பிட வேண்டும். மோடம் என்கிற பெட்டி, வாலை மிதித்த பூனையாய்க் கத்தி அடங்கும். பிறகு எழுத்துகள் போகும், வரும். வந்ததெல்லாம் கம்ப்யூட்டருக்குள் ‘மெட்ராஸ்’ என்ற பெட்டியில் சேரும்.

பின்னாளில் என் மகள் பாடப்புத்தகத்தில் இதையெல்லாம் லேன், மேன், வேன் என்று பிரித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். கட்டடத்துக்குள் இருந்தால் ஒரு பெயர், நகரத்துக்குள் இருந்தால் ஒரு பெயர், ஊர் விட்டு ஊர் போனால் ஒரு பெயர். அக்கா அன்றைக்கே பிரித்து வைத்திருந்தார். அவர் பார்த்தது பரப்பளவை அல்ல. எவ்வளவு தூரத்தில் இருப்பவன் எப்படிப் பொய் சொல்வான் என்பதைத்தான்.

“ரூமுக்குள்ள இருக்கிறவன் பொய் சொன்னா மூஞ்சி காட்டிக் குடுத்துரும். திருமங்கலத்துக்காரன் பொய் சொன்னா பஸ் ஏறிப் போயிக் கேட்டுரலாம். மெட்ராஸ்காரன் பொய் சொன்னா என்ன செய்வ? நம்பித்தான் ஆகணும். அதான் நம்பக் கூடாதுங்குறேன்.”

திருமங்கலத்துக்குப் பஸ் ஏறிப் போனதும் உண்டு. மில் பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்தவர் எல்லோரையும் மாப்ள என்று கூப்பிடும் ஆசாமி. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, இரு பக்கமும் பேசிக்கொள்வோம். எதிரில் தட்டுவது அவர்தானா என்று தெரியாமல் அக்கா கணக்கை அனுப்ப மாட்டார். தினமும் ஒரு கேள்வி கேட்பார். “கேண்டீன்ல இன்னைக்கு என்ன?” என்பார். “உன் சைக்கிள் யாருகிட்ட இருக்கு?” என்பார். ஒருநாள், “நேத்து நான் உன்னைய எதுக்குத் திட்டுனேன்?” என்று தட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, ‘லேட்டா வந்ததுக்கு. மன்னிச்சிருங்கக்கா’ என்று பதில் வந்தது.

அக்கா எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார்.

“எங்கக்கா?”

“திருமங்கலம் போயிட்டு வாரேன். நேத்து நான் அவனத் திட்டவே இல்ல.”

அவர் போய்ப் பார்த்தபோது மாப்ள ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தார். ஸ்டோர் கிளார்க், தான் பாட்டுக்கு அவர் பெயரில் தட்டிக்கொண்டிருந்தாராம். மறுநாள் மாப்ள நிஜமாகவே மன்னிப்புக் கேட்டார். அது அவர்தானா என்று அக்கா இன்னொரு கேள்வி கேட்டார்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் கதை வேறு. கறுப்பு வயரின் இரண்டு முனைகளிலும் விரல்நுனி அளவில் ஒரு மூடி இருக்கும். ஒரு மூடி கழன்றாலும் மூன்று கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று மறந்துவிடும். பூஜைக்கு அட்டெண்டர் அண்ணே அறை முழுக்கத் துடைத்து, டைப்ரைட்டர் முதல் தண்ணீர்ப் பானை வரை சந்தனம் குங்குமம் வைத்தார். பளபளவென்று இருந்த அந்த மூடிகளையும் பக்தியோடு கழற்றி, கழுவி, உள்ளே வெளியே சந்தனம் பூசி, திரும்ப மாட்டியிருந்தார். மறுநாள் அறையே செத்துக் கிடந்தது. அக்கா சந்தனத்தைக் கண்டுபிடித்து விட்டார். ஆனால் விடவில்லை. “யார் சொல்லி வச்சீங்க?” என்று ஒரு வாரம் கேட்டார். “சாமிதான்மா” என்று அண்ணே அழாத குறையாகச் சொன்னார். சாமிக்கு இதில் என்ன லாபம் என்று அக்கா யோசித்ததாகத்தான் எனக்குத் தோன்றியது.

இப்படிப்பட்டவரை எனக்குப் பிடித்திருந்ததா என்றால், பாதி பிடித்தது, பாதி பயம். என் மேசை இழுப்பறை திறந்து மூடியிருப்பதைச் சில நாள் பார்ப்பேன். யார் பார்த்தது என்று கேட்க எனக்கு வாய் வராது. அவரோடு இருந்து இருந்து, எங்கள் வீட்டுப் பால்காரரை நானே ஒருநாள் குறுக்குக் கேள்வி கேட்டேன். அப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மெட்ராஸ் செய்திகளில் மட்டும் அக்காவுக்கு ஒரு விசித்திரமான ருசி இருந்தது. அவ்வளவு தூரம் வருவதால் எழுத்துகளோடு குப்பையும் சேர்ந்து வரும். ஒரு பெயரின் வயிற்றில் கேள்விக்குறி, ஒரு எண்ணின் தலையில் அடைப்புக்குறி, வரிக்கு நடுவில் அர்த்தமே இல்லாத நாலைந்து கோடுகள். மழைக்காலத்தில் செய்தியைவிடக் குப்பை அதிகம். மேனேஜர் எரிச்சல்படுவார். அக்காவுக்கு அதைப் பார்த்தால்தான் நிம்மதி.

“அழுக்கோட வந்தாத்தான் அங்கருந்து வந்திருக்குன்னு அர்த்தம். ஒருத்தன் கால்ல தூசியே இல்லாம வந்து நின்னு, மெட்ராஸ்ல இருந்து நடந்தே வாரேன்னு சொன்னா நம்புவியா?”

அந்த வருஷம் எங்கள் வீட்டில் அண்ணனுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். அண்ணன் எங்கள் மில்லில்தான் இரண்டாவது ஷிப்டில் ஸ்பின்னிங் பார்த்தான். ஊரார் வயலில் கூலிக்குப் போன குடும்பத்தில் முதல் மாதச் சம்பளம் அவனுடையது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தபோது அப்பாவிடம் பட்டென்று கேட்டார்: “மில்லு வேலை நிலைக்குமா? நிலைக்கும்னா பேசலாம். இல்லைன்னா எம் மகள நான் கூலிக்காரனுக்குக் குடுக்கத் தயாரில்ல.” நிலைக்கும் என்று அப்பா கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். இதெல்லாம் அக்காவுக்கும் தெரியும். நான் சொல்லவில்லை. மில் பக்கம் விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை மதியம் மேனேஜர் கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

“மெட்ராஸ்ல இருந்து முக்கியமா ஏதோ வந்திருக்குமே, எடுத்தீங்களாம்மா?”

அக்கா பெட்டியைத் திறந்தார். இருந்தது. பிரிண்டர் கரகரவென்று ஓடி ஒரு தாளைத் தள்ளியது. திங்கட்கிழமை முதல் இரண்டாவது ஷிப்ட் நிறுத்தம், அந்த ஷிப்ட் ஆட்களைக் கணக்கு முடித்து அனுப்பவும் என்று இருந்தது.

மேனேஜர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “என்ன செய்யிறது, மேலிடத்து ஆர்டர். கம்ப்யூட்டர்லயே வந்திருச்சு. சனிக்கிழமை மில் போர்டுல ஒட்டிரலாம்” என்றார். கம்ப்யூட்டரில் வந்துவிட்டது என்றால் அன்றைக்கு யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள். மனிதன் சொன்னால் சண்டை போடலாம். கம்ப்யூட்டரோடு யார் சண்டை போடுவது?

அவர் உள்ளே போனதும் அக்கா இன்னொரு பிரதி எடுத்து, டீ குடிக்கப் போவதுபோல் என்னை மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். முக்கியமான எதையும் அந்த அறைக்குள் அவர் பேச மாட்டார். தாளை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“இதுல என்ன தெரியுது?”

“எங்கண்ணே வேலை போகுதுன்னு தெரியுதுக்கா.” எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அழுகைய அப்புறம் வச்சுக்க. எம்புட்டுச் சுத்தமா இருக்கு பாரு. ஒரு புள்ளி குப்பை இல்ல. இது மெட்ராஸ்ல இருந்து வரல.”

“பின்ன?”

“திருமங்கலத்துல இருந்து வந்தா நான் பேசுற திரைல வரும். இந்தப் பெட்டிக்குள்ள கொண்டாந்து போட முடியாது. போடணும்னா நம்ம ரூம் வயர்ல இருக்கிறவங்கதான் போடணும். ரூம்ல இருக்கிறது மூணு பேரு.”

“அப்ப நாந்தான்னு சொல்றீங்களா?”

“உன்னையும் சேத்துத்தான் யோசிச்சேன். உங்கண்ணே சோத்துல நீயே மண்ணள்ளிப் போடுவியா? அதனால விட்டேன்.” அவர் சொன்ன விதத்தில் பெரிய சலுகை தெரிந்தது. “பாக்கி ஒருத்தர்தான். செய்தி வந்திருக்குன்னு நான் பாக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சவரு.”

மேனேஜரின் மச்சான் நெடுஞ்சாலையோரம் புதிதாக மில் கட்டிக்கொண்டிருந்த விஷயம் ஊருக்கே தெரியும். வேலை தெரிந்த ஆட்கள் ஒரு ஷிப்ட் முழுக்கத் தெருவில் நின்றால், பாதிச் சம்பளத்துக்கு வந்துவிடுவார்கள். மெட்ராஸ்காரர்களிடம், மில்லில் கரண்ட் இல்லை, ஆள் வரவில்லை என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். ஒருதரம் கலைந்த ஷிப்டைத் திரும்பச் சேர்ப்பது லேசில்லை.

“மெட்ராஸுக்கே போன் போட்டுக் கேட்டுருவோம்க்கா.”

“கேட்டா, நாங்க சொல்லலம்பாங்க. அப்புறம் இவரக் கேப்பாங்க. அந்தப் பொம்பள கம்ப்யூட்டர்ல என்னமோ தப்பாத் தட்டிருச்சுன்னு இவரு சொல்லுவாரு. இவரு முதலாளி வீட்டுக் கல்யாணத்துல முன் வரிசைல உக்காருறவரு. நான் அவங்களுக்கு யாரு? ஒரு கம்ப்யூட்டர், அதுக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி. யார நம்புவாங்க?”

அன்று வீட்டுக்குப் போய் அண்ணனிடம் எதுவும் சொல்லவில்லை. அன்று அவனுக்கு வார லீவு. கல்யாண வேட்டிக்குக் கரை எப்படி இருக்க வேண்டும் என்று அம்மாவோடு வாதாடிக்கொண்டிருந்தான். சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல் மோடம் கத்தியது. எங்கள் கணக்கு போனது. மெட்ராஸிலிருந்து எதுவும் வரவில்லை. பக்கத்தில் இருந்து நானே பார்த்தேன். மதியம் நான் சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

“காலையிலயே வந்திருக்கு. நான்தான் கவனிக்கல. உள்ள குடுத்துட்டு வா.”

அக்கா கவனிக்காமல் ஒன்று வந்தது என்பதை நம்ப வேண்டுமானால், நான் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டும். தாளைப் பார்த்தேன். ‘ஷிப்டுகளில் மாற்றம் எதுவும் இல்லை. மூன்றும் வழக்கம்போல் ஓட வேண்டும். யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது. இதற்குப் பதில் தேவையில்லை.’ நடுநடுவே குப்பை இருந்தது. கேள்விக்குறிகள், அடைப்புக்குறிகள், கோடுகள், எல்லாம் இருந்தன. ஆனால் ஒரு குறியும் ஒரு சொல்லை மிதிக்கவில்லை. மரியாதை தெரிந்த குப்பை. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் இடையே பார்த்துப் பார்த்து ஒதுங்கி உட்கார்ந்திருந்தது. பதில் தேவையில்லை என்று மெட்ராஸ் எங்களுக்கு எழுதியதே கிடையாது. அவர்கள் உடனே பதில், உடனே பதில் என்று உயிரை எடுப்பவர்கள்.

நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன பாக்குற?”

“ஒண்ணுமில்லக்கா. குடுத்துட்டு வாரேன்.”

மேனேஜர் படித்தார். திரும்பப் படித்தார். தாளை ஜன்னல் பக்கம் திருப்பி அந்தக் குப்பையைப் பார்த்தார். தண்ணீர் டம்ளரை எடுத்தவர் குடிக்காமலே வைத்துவிட்டார். இது நிஜம்தானா என்று அவர் மெட்ராஸைக் கேட்டிருக்கலாம். கேட்டால் முதல் செய்தியைப் பற்றியும் பேச வேண்டிவரும். பொய்யான தாளை மேசையில் வைத்திருந்த அந்த ஒரு மனிதரால் மட்டும்தான் இந்தத் தாளை விசாரிக்க முடியாது. அக்கா அதைத்தான் பிடித்திருந்தார். அந்த இடத்தில்தான் அது எனக்குப் புரிந்தது.

“எப்ப வந்துச்சு இது?” என்றார்.

“காலையில லைன் போட்டப்ப வந்துச்சு சார்.”

“நீ பாத்தியா?”

“பக்கத்துலதான் சார் இருந்தேன். என் கண்ணு முன்னாடிதான் வந்துச்சு.”

என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக நான் பொய் சொன்னது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மேனேஜர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை மில் போர்டில் எதுவும் ஒட்டவில்லை. திங்கட்கிழமை அண்ணன் தூக்குவாளியோடு ஷிப்டுக்குப் போனான். அவனுக்கு எதுவுமே தெரியாது.

கண்ணாடிக்கு உள்ளே நான் பேசியது வெளியே கேட்டிருக்காது. என் வாய் அசைந்ததை மட்டும் அக்கா பார்த்திருப்பார். நான் என்ன சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? “உங்களைக் காட்டிக் கொடுக்க மாட்டேன்” என்றால், நீங்கள் செய்தது எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். நன்றி சொன்னாலும் அதே கதைதான். அடுத்த வாரம் அவர் தன் மேசையை நகர்த்திப் போட்டார். அதுவரை எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர், அதன் பிறகு என் முகம் பார்க்கும்படி உட்கார்ந்தார். நான் மேனேஜர் அறைக்குத் தாள் எடுத்துப் போனால் அவர் விரல்கள் விசைப்பலகையில் நின்றுவிடும். டீக்கு மாடிப்படிக்குக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் வீட்டில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்ட மனுஷி, என்னைப் பார்த்து மாதக்கணக்கில் பயந்துகொண்டிருந்தார்.

ஆவணியில் அண்ணனுக்குக் கல்யாணம். பத்திரிகை வைத்தேன். “எதுக்கு எனக்கு?” என்றார். ஆனால் வந்தார். திருமங்கலத்து மண்டபத்தில் கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை எல்லாம் எடை போட்டுக்கொண்டிருந்தார். தாலி கட்டி முடிந்ததும் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்தினேன்.

அண்ணன் சந்தோஷத்தில் இருந்தான். “ஒங்க ஆபீசப் பத்தி ஒரு பேச்சு உண்டுக்கா” என்று ஆரம்பித்தான். “ரெண்டாவது ஷிப்ட மூட யாரோ பாத்தாகளாம். மெட்ராஸ்ல இருக்கிற பெரியவுகதான் வேணாம்னு தடுத்தாகன்னு மில்லுல பேசிக்கிறாக. எந்தப் புண்ணியவானோ, அவரு நல்லா இருக்கணும்.”

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“முகம் தெரியாதவுகள அம்புட்டு நம்பாதீங்க தம்பி” என்றார்.

அண்ணனை யாரோ கூப்பிட, அவன் போய்விட்டான். நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். அக்கா மெதுவாகக் கேட்டார்.

“இவன்கிட்ட சொல்லிட்டியா?”

நெஞ்சு வரை வந்தது. மேனேஜரிடம் என்ன சொன்னேன் என்பதும், நன்றி என்பதும், அழுகையும் சேர்ந்தே வந்தன. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

“எதக்கா?” என்றேன்.

அவர் என் முகத்தில் வெகுநேரம் தேடினார். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

“பந்தி எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.